ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து ரயில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் கீழக்கரை. பல வருடங்களாக வீட்டுக்கும் தெருவுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை என் தலையில்தான். மண்ணடியில் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள், சென்னையில் படிக்கும் பிள்ளைகள், மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன். ரயில் நேரங்களை வேண்டுமென்றே எழுதவில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில்வே விசாரணை எண் 139க்கு ஒரு போன் போட்டால் சரியான நேரம் தெரிந்துவிடும்.

சென்னைக்குப் போக எத்தனை ரயில் இருக்கிறது? எது நல்லது?

ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பி ராமநாதபுரம் வழியாகச் சென்னைப் பக்கம் தினமும் போவது மூன்று. முதலாவது சேது சூப்பர்ஃபாஸ்ட், எண் 22662. மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி, விருத்தாசலம், விழுப்புரம் வழியாகப் போகும். மூன்றிலும் விரைவாகப் போவது இதுதான். இரண்டாவது ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ். பெரியவர்கள் இன்றைக்கும் இதைப் 'போட் மெயில்' என்றுதான் சொல்வார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன காலத்துப் பெயர் அது. திருச்சி வரை சேது போகிற பாதைதான். அதற்குப் பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் என்று சுற்றிப் போகும்.

மூன்றாவது, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கி வைக்கப்பட்ட தாம்பரம் ரயில், எண் 16104. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டா வழியாகப் போகிறது. அந்தப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. முன்பெல்லாம் பட்டுக்கோட்டைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

எது நல்லது என்று கேட்டால், எந்த ரயில் வேகமாகப் போகிறது என்று பார்க்காதீர்கள். எந்த நேரத்தில் இறக்கிவிடுகிறது, இறங்கின இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை எப்படிப் போவீர்கள் என்று பாருங்கள். சென்னையிலிருந்து திரும்பி வரும்போது இது இன்னும் முக்கியம். சேது நம்மை ராமநாதபுரத்தில் இருட்டோடு இருட்டாக இறக்கிவிடும். கீழக்கரை அங்கிருந்து 17 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போட் மெயில் மெதுவாக வந்தாலும் விடிகிற நேரத்தை ஒட்டி வந்து சேரும். இறங்கினால் பஸ் ஓட ஆரம்பித்திருக்கும்.

ஒரு தடவை உம்மாவுக்கும் சாச்சிக்கும் சேதுவில் போட்டுக் கொடுத்தேன். சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். ஆனால் இரண்டு பைகளோடு நிலையத்து பெஞ்சில் முதல் பஸ்ஸுக்காகக் குளிரில் காத்திருந்தார்கள். உம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி. மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அந்த பெஞ்சிலேயே போய்விட்டது. அதிலிருந்து, அழைத்துப் போக வண்டி வரும் என்றால்தான் பெரியவர்களுக்குச் சேது போடுகிறேன். ராமேஸ்வரம், தங்கச்சிமடம்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கோவிலுக்கு வரும் கூட்டத்தால் ராமேஸ்வரம் நிலைய வாசலில் எந்த நேரமும் ஆட்டோ நிற்கும்.

பஸ்ஸா ரயிலா?

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் ரயில் நிலையம் கிடையாது. பஸ் ஊருக்குள்ளேயே வந்துவிடும். அது பஸ்ஸின் பெரிய பலம். ஆனால் சென்னை முனையில் நிலைமை மாறிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மண்ணடி, பாரிமுனை பக்கம் இருப்பவர் கிளாம்பாக்கம் போக முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எழும்பூர் நிலையமோ பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்தின் வட பகுதியில் இருப்பவருக்கு எழும்பூர் ரயில், தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் இருப்பவருக்குத் தாம்பரம் ரயில் அல்லது பஸ் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ரயில்தான். கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், காலை நீட்டிப் படுக்கலாம். சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தை இரவு முழுக்க உட்கார்ந்த வாக்கில் கடப்பது எல்லா உடம்புக்கும் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடந்தபோது 2025இல் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டன. எழும்பூர் என்று டிக்கெட்டில் இருந்தாலும் கிளம்பும் நாளில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு எது பக்கத்து நிலையம்? ராமநாதபுரம்தானா?

எல்லோருக்கும் அல்ல. உச்சிப்புளி, மண்டபம், பாம்பனுக்குச் சொந்த நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் எல்லாவற்றிலும் நிற்காது. தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் உள்ளவர்கள் காரைக்குடியையும் பாருங்கள். காரைக்குடியில் எல்லா ரயிலும் நிற்கும், இடம் கிடைக்கவும் வழி அதிகம். சாயல்குடி, மூக்கையூர் பக்கம் உள்ளவர்களுக்குத் தூத்துக்குடியும் ஒரு வழி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார் தாண்டித் தூத்துக்குடி போனால் சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். ராமநாதபுரத்தில் டிக்கெட் இல்லாத நாளில் இதனால் பலர் தப்பித்திருக்கிறார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கடலோரமாக ரயில் பாதை இல்லை. காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் பாதை வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது வந்தால் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி எல்லாவற்றின் பயணக் கணக்கும் தலைகீழாக மாறிவிடும். வர வேண்டும்.

மதுரைக்குப் போக பாசஞ்சரா, பஸ்ஸா?

ராமேஸ்வரம்–மதுரை பாசஞ்சர் ஒரு நாளைக்கு மூன்று நடை: காலை, மதியம், மாலை. முன்பதிவு கிடையாது, ஓபன் டிக்கெட்தான். கட்டணம் பஸ்ஸில் பாதிகூட வராது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை போட்ட பிறகு பஸ் வேகமாகிவிட்டது. ஆனால் பஸ் மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். ரயில் ஜங்ஷனில் இறக்கிவிடும், வெளியே வந்தால் பெரியார் பஸ் நிலையம் நடக்கிற தூரம். டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகளில் துணி, பாத்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ரயில்தான் தோது. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பாசஞ்சருக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்து எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுங்கள்.

ஓபன் டிக்கெட்டைச் செல்போன் செயலியிலேயே எடுக்கலாம். நடைமேடைக்குள் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், உள்ளே போனபின் செயலி டிக்கெட் தராது. 200 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு எடுத்த ஓபன் டிக்கெட்டில் மூன்று மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். காலையில் எடுத்துவிட்டு மாலை பாசஞ்சரில் ஏறினால் அபராதம் கட்ட நேரும்.

பொங்கலுக்கு, பெருநாளுக்கு டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும்?

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள். ஜனவரி 14 அன்று பயணம் என்றால் நவம்பர் 15 காலை 8 மணிக்குத் திறக்கும். இணையத்தில் எடுப்பவர்கள் தங்கள் கணக்கில் ஆதாரைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள், பிறகு அந்த நேரத்தை நீட்டிவிட்டார்கள். பெருநாள் ரயிலுக்கு முதல் சில நிமிடங்கள்தான் எல்லாமே.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. இந்த 60 நாளை ரயில் புறப்படும் ஊரின் தேதியிலிருந்து எண்ணுவார்கள், நீங்கள் ஏறும் ஊரின் தேதியிலிருந்து அல்ல. சென்னையிலிருந்து வரும் ரயிலில் நள்ளிரவு தாண்டித் திருச்சியில் ஏறுகிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். திருச்சியில் படிக்கும் பிள்ளைகள் இது தெரியாமல் ஒரு நாள் தாமதமாகப் போய் ஏமாந்து நிற்கிறார்கள்.

பெருநாள் பிறை பார்த்துத்தான் உறுதியாகும். அதனால் எங்கள் வீடுகளில் ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிடுவோம். ஒரு நாள் அதிகம் ஊரில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வெயிட்டிங் லிஸ்ட் கிடைத்திருக்கிறது. நம்பலாமா?

எந்த வகை வெயிட்டிங் லிஸ்ட் என்று முதலில் பாருங்கள். டிக்கெட்டில் ஜி.என்.டபிள்யூ.எல். என்று இருந்தால் அது பொதுப் பட்டியல், நகர வாய்ப்பு அதிகம். பி.கியூ.டபிள்யூ.எல்., ஆர்.எல்.டபிள்யூ.எல். என்று இருந்தால் நடுவழி ஊர்களுக்கான சிறிய பட்டியல், மெதுவாகத்தான் நகரும். ராமநாதபுரத்தில் ஏறிச் சிறிய பட்டியலில் சிக்கினால், ராமேஸ்வரம் முதல் எழும்பூர் வரை டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் ராமநாதபுரம் என்று போட்டுப் பாருங்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பொதுப் பட்டியலில் இடம் கிடைக்கலாம். ஆனால் ஏறும் இடத்தைப் போட மறந்தால், ராமேஸ்வரத்தில் நீங்கள் வரவில்லை என்று பரிசோதகர் உங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆர்.ஏ.சி. என்றால் தைரியமாகப் போங்கள். சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார இடம் உறுதி, வழியில் படுக்கையும் கிடைக்கலாம். முழு வெயிட்டிங் லிஸ்ட் என்றால் ஸ்லீப்பரிலும் ஏ.சி.யிலும் ஏறாதீர்கள். சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல், போட்டதும் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பி வரும். கவுண்டர் டிக்கெட் கையில் இருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் ஏற அனுமதி கிடையாது. முன்பு ரயில் கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் வரும். 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரத்துக்கு முன்பே என்று மாற்றினார்கள், அந்த டிசம்பரில் இன்னும் முன்னே தள்ளிவிட்டார்கள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பி இருக்கிற நமக்கு இது நல்ல மாற்றம். மாலை ரயில் உறுதியாகவில்லை என்று காலையிலேயே தெரிந்துவிட்டால் மதுரைக்கு பஸ் ஏற நேரம் இருக்கும்.

டிக்கெட்டே இல்லை. அவசரம். என்ன செய்ய?

முதல் வழி தட்கல். ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் ஏ.சி.க்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் எடுக்க ஆதார் கட்டாயம், போனுக்கு ஓ.டி.பி. வரும். முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் எடுக்க முடியாது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வழி மதுரை. அங்கிருந்து சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, பகலில் வைகை, தேஜஸ் ரயில்கள் இருக்கின்றன. நாகர்கோவில்–எழும்பூர் வந்தே பாரத்தும் மதுரை வழியாகத்தான் போகிறது. இவை தவிர தென்கோடியிலிருந்து வரும் ரயில்கள் வேறு. ராமநாதபுரத்தில் மூன்று ரயிலை நம்பி இருப்பவருக்கு இது பெரிய கதவு.

மூன்றாவது வழி மானாமதுரை. பலருக்கு இது நினைவிலேயே வராது. செங்கோட்டையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக வரும் சிலம்பு எக்ஸ்பிரஸ் அங்கே நின்று சென்னைப் பக்கம் போகிறது. தினமும் கிடையாது, ஓடும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர், கோயம்புத்தூர் போக?

கோயம்புத்தூருக்கு ராமேஸ்வரத்திலிருந்து வாரம் ஒரு ரயில்தான். மற்ற நாட்களில் மதுரை போய் மாறுவதே வழி. பெங்களூருக்கு மதுரையிலிருந்து வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கியது. ஆனால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். நம் ஊரிலிருந்து காலை பாசஞ்சரில் போய்ப் பிடிக்க முடியாது, முந்தின இரவே மதுரையில் தங்க வேண்டும். தங்குவதற்கு ஆகும் செலவையும் சேர்த்தால், தூத்துக்குடியிலிருந்து மதுரை, பெங்களூர் வழியாக மைசூர் போகும் இரவு ரயிலே பலருக்குக் கட்டுப்படியாகும்.

இரண்டு ரயில் மாறும்போது நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். இரண்டு டிக்கெட்டையும் இணையத்தில் ஒன்றோடொன்று இணைத்து எடுக்கும் வசதி இருக்கிறது. இணைத்து எடுத்தால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் கேட்கலாம். தனித்தனியாக எடுத்தால் கேட்க முடியாது.

உம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்குமா?

60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இருவருமே அந்த வயதை எட்டியிருக்க வேண்டும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் இந்த ஒதுக்கீடு போய்விடும். வாப்பா, உம்மாவுக்குத் தனி டிக்கெட், பிள்ளைகளுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். பெட்டி மாறி விழுந்தாலும் பரவாயில்லை. முழங்கால் வலிக்காரரை மேல் படுக்கைக்கு ஏற்றுவதைவிட அது மேல்.

மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. திரும்பக் கொடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மீன்பிடித்தும் ஓலை முடைந்தும் பிழைத்தவர்களுக்கு முதுமையில் அந்தச் சலுகை சின்ன விஷயமல்ல.

குழந்தைகளுக்கு: ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் படுக்கை வேண்டாமென்றால் அரை டிக்கெட், வேண்டுமென்றால் முழு டிக்கெட்.

காற்று அடித்தால் பாம்பன் பாலத்தில் ரயில் போகுமா?

காற்று அளவு மீறினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனதை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்ற பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுவிட்டன. தீவுக்காரர்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. இப்போதுள்ள புதிய பாலம் சுமார் 2.08 கிலோமீட்டர் நீளம். நடுவே 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் செங்குத்தாக மேலே எழும்பி கப்பலுக்கு வழிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் இருக்கும் நாட்களில் தீவுக்குப் போகிறவர்கள், ரயில் மண்டபத்தில் நின்றுவிட்டால் இறங்கி பஸ்ஸில் சாலைப் பாலம் வழியாகப் போகலாம். 1988 முதல் அந்தப் பாலம் இருக்கிறது. காற்று அதிகமானால் அதிலும் போக்குவரத்தை நிறுத்துவார்கள். அப்படியானால் மண்டபத்திலேயே இருந்துவிடுங்கள்.

பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் சென்னை ரயிலில் கூட்டி வராதீர்கள். சேது இருட்டில் கடந்துவிடும். மதுரையிலிருந்து பகல் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

எந்த நாட்களில் பயணத்தைத் தவிர்க்கலாம்?

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தின இரவும் அன்றைய மாலையும் ராமேஸ்வரம் ரயில்களில் நிற்க இடம் இருக்காது. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும், அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன் தேவர் குருபூஜைக்கும் சாலைகளில் வழிமாற்றம் இருக்கும். பஸ் சுற்றிப் போகும், நேரம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் மதுரைப் பக்கம் போக வேண்டியிருந்தால் ரயிலே மேல்.

கருவாடு, மீன் கொண்டு போகலாமா?

சென்னையில் இருக்கும் பிள்ளைக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்து அனுப்பாத வீடு நம் கரையில் உண்டா? கொண்டு போங்கள், ஆனால் மூடி இறுகின டப்பாவில் போட்டு, மேலே இரண்டு பாலிதீன் உறை கட்டுங்கள். ஏ.சி. பெட்டியில் காற்று வெளியே போகாது, பக்கத்துப் படுக்கைக்காரர் இரவெல்லாம் அந்த வாசனையோடு படுக்க வேண்டியிருக்கும். ஐஸ் போட்ட பச்சை மீனைப் பெட்டிக்குள் கொண்டு வர வேண்டாம், தண்ணீர் கசியும். பார்சலில் போடுங்கள். கருப்பட்டி, பனங்கிழங்குக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ரயில் தாமதம். பணம் திரும்ப வருமா?

நீங்கள் ஏறும் நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறது, நீங்களும் பயணம் செய்யவில்லை என்றால் முழுப் பணமும் உண்டு. ஆனால் ரயில் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் டி.டி.ஆர்., அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டால் பணம் போய்விடும். நிலையத்தில் நின்றபடியே பதிவு செய்துவிட்டுப் பிறகு கீழக்கரை பஸ் ஏறுங்கள்.